தலையில் வைக்காதே, தாளில் வை

வார்டுக்குப் புதிதாக நர்ஸாக வந்திருக்கும் தங்கச்சிக்கு (இப்போது தம்பிகளும் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான்) இந்த அக்கா முதலில் சொல்ல நினைப்பது இதுதான். டியூட்டியில் இருக்கும்போது எதையும் "ஞாபகம் இருக்கும், அப்புறம் எழுதிக்கலாம்" என்று விடாதே.

ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒரு பெண் என்னிடம் வந்து கண் கலங்குவாள். "அக்கா, காலேஜ்ல நான்தான் ஃபர்ஸ்ட். இங்க வந்தா எட்டாம் பெட்டுக்கு டாக்டர் என்ன சொன்னார்னு அஞ்சு நிமிஷத்துல மறந்து போயிடுது. எனக்கு இந்த வேலை சரிப்படாதோன்னு பயமா இருக்கு." நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் இப்படி அதிகம் கேட்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2005இல் அமெரிக்காவில் சியான் பைலாக், தாமஸ் கார் என்ற இரு உளவியலாளர்கள் கணக்குப் போட வைத்துச் சோதித்தார்கள். நெருக்கடி இல்லாதபோது முன்னால் நின்றவர்கள் நினைவுத்திறன் கூடியவர்கள். நெருக்கடி வந்ததும், கடினமான கணக்குகளில் அதிகமாகச் சறுக்கியதும் அவர்கள்தான். எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே போட்டுப் பழகியவர்களுக்கு, அந்த மனசில் இடம் குறையும்போது இழப்பு பெரிதாகத் தெரிகிறது. ஆகவே உனக்கு மறதி நோய் ஒன்றும் வந்துவிடவில்லை. உன் புத்தி மழுங்கியும் போகவில்லை.

ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்கு வேண்டியதை மட்டும் சில நொடிகள் பிடித்து வைத்துக்கொண்டு, அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற நினைவு ஒன்று நமக்கு இருக்கிறது. செயல்நினைவு என்று வைத்துக்கொள்வோம். படித்த பாடம் வருஷக்கணக்கில் தங்கும் இடம் வேறு. செயல்நினைவோ நம் கையில் இருக்கும் மருந்து ட்ரே மாதிரி, சின்னது. 1956இல் ஜார்ஜ் மில்லர் அதில் ஏழு பொருள், கூடக்குறைய இரண்டு, நிற்கும் என்று எழுதினார். பிற்பாடு 2001இல் நெல்சன் கோவன் ஆய்வுகளையெல்லாம் அலசி, உண்மையில் ஏறத்தாழ நான்குக்கு மேல் நிற்பதில்லை என்றார். நீ எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ட்ரேயின் அளவு ஏறத்தாழ அவ்வளவுதான். ஐந்தாவது கிண்ணத்தை வைத்தால் ஏற்கெனவே இருப்பதில் ஒன்று சரிந்து விழும். எது விழுந்தது என்பதே உனக்குத் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இன்னொன்றும் கவனி. 1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் இந்த நினைவைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். சொற்களையும் எண்களையும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிடித்து வைத்துக்கொள்ளும் பகுதி தனி, பார்த்ததைப் பிடித்து வைக்கும் பகுதி தனி என்றார்கள். "நாலு மில்லி, நாலு மில்லி" என்று சொல்லிக்கொண்டே வார்டின் அந்தக் கோடிக்கு நடக்கிறாயே, அது முதல் பகுதி செய்யும் வேலை. அந்த நேரத்தில் யாராவது "சிஸ்டர், மூணாம் பெட்டுக்கு ட்ரிப்ஸ் முடியப் போவுது" என்றால், காதில் விழும் அந்த மூன்று போய் இந்த நாலோடு மோதும். பார்வையால் பிடித்தது அவ்வளவு சுலபமாகக் கலையாது. அதனால்தான் அக்கா சொல்கிறேன், மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டு நடக்காதே. டிரக் சார்ட்டையே கையில் எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போ.

பதற்றம் வந்தால் எது முதலில் போகும்?

பதற்றம் எல்லாவற்றையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

1908இலேயே ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். வெள்ளைப் பெட்டி, கருப்புப் பெட்டி இரண்டில் சரியானதை எலி கற்றுக்கொள்ள வேண்டும், தப்பானதில் நுழைந்தால் மின்சார அதிர்ச்சி. இரண்டு பெட்டிக்கும் நிற வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலி வேகமாகக் கற்றது. நிறங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஆனபோது, பலமான அதிர்ச்சி எலியைக் கெடுத்தது. மிதமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றது. சுலபமான வேலையைப் பதற்றம் கெடுக்காமல் போகலாம், விரட்டி வேலை வாங்கவும் செய்யலாம். கடினமான வேலையை அதே பதற்றம் உடைத்துவிடும்.

மனிதர்களிடமும் இதையே பார்த்திருக்கிறார்கள். 2006இல் நெதர்லாந்தில் இளைஞர்களைப் பதற்றத்துக்கு உள்ளாக்கிவிட்டு, சில எழுத்துகளை மனசில் வைத்திருக்கச் சொன்னார்கள். எழுத்துகள் குறைவாக இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. எழுத்துகள் கூடியதும் பதற்றத்தில் இருந்தவர்கள் பின்தங்கினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக இதன் உள்வேலையை ஆராய்ந்து வருபவர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் செயல்நினைவுக்கு இருப்பிடம். நார்அட்ரினலினும் டோபமினும் அளவோடு சுரந்தால் அந்தப் பகுதி கூர்மையாக வேலை செய்யும். அளவு மீறிச் சுரந்தால் அங்குள்ள இணைப்புகள் தளர்ந்து, யோசித்துச் செய்யும் பொறுப்பு பழக்கத்தில் செய்யும் பகுதிகளின் கைக்குப் போய்விடும். நாம் வார்டில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றுகிற அதே ரசாயனங்கள், நம் மூளைக்குள்ளும் அளவு பார்த்துத்தான் வேலை செய்கின்றன. எனக்கு இது எப்போதும் வியப்பான விஷயம்.

இதை வார்டுக்குள் கொண்டுவந்து பார். எமர்ஜென்சி நடுவிலும் உன் கை தானாக பிபி பார்க்கும், வென்ஃப்ளான் போடும், படுக்கையை நிமிர்த்தும். "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்று அந்தக் கை உன்னை நம்ப வைத்துவிடும். அதே நிமிடத்தில், கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று டோபமின் கணக்குப் போடச் சொன்னால் தலை நின்றுவிடும். எடை, மைக்ரோகிராம், நிமிடம், மணி, கரைசலில் மருந்து எவ்வளவு என்று ஐந்து விஷயத்தை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டிய கணக்கு அது. சுலபமான வேலை சரியாக நடப்பதை வைத்து உன் நிலையை எடை போடாதே. கஷ்டமான வேலை வரும்போது நின்று, எழுதி, இன்னொருவரைக் கூப்பிட்டுச் செய்.

கணக்கை முன்னாலேயே போட்டு வை

டியூட்டி ஏறியதும் முதல் அரை மணி, நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு, கணக்குகளை எல்லாம் உட்கார்ந்து போட்டுவிடு. மனசு அமைதியாக இருக்கும் நேரம் அதுதான்.

500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், 20 சொட்டு ஒரு மில்லி ஆகும் செட். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000. அதை 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. பரீட்சையில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாய். ஆனால் 500, 20, 240, நடுவில் வரும் 10,000 என்று நான்கு எண்களைப் பிடித்ததிலேயே உன் ட்ரே நிறைந்துவிட்டது. அப்போது ஒருவர் கூப்பிட்டால் போதும்.

இதற்குக் குறுக்கு வழி இருக்கிறது. மணிக்கு எத்தனை மில்லி என்று மட்டும் பார். 20 சொட்டு செட் என்றால் அதை மூன்றால் வகு. 15 சொட்டு செட் என்றால் நான்கால் வகு. 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டின் கவரிலேயே எத்தனை சொட்டு ஒரு மில்லி என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்னும் நல்லது, ஒரு அட்டையில் எழுதி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டிவிடுவது. 20 சொட்டு செட்டுக்கு மணிக்கு 50 மில்லி என்றால் 17 சொட்டு, 75 என்றால் 25, 100 என்றால் 33, 125 என்றால் 42, 150 என்றால் 50. அட்டையைப் பார்த்து வேலை செய்வது கௌரவக் குறைவு என்று நினைக்காதே. பல வருஷ அனுபவம் உள்ளவர்களும் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

ஐசியூவில் இருந்தால், இன்ஃப்யூஷன் பம்பில் ஓடும் ஒவ்வொரு மருந்துக்கும், அந்த நோயாளியின் எடைக்கு, அளவைக் கூட்டினால் எவ்வளவு, குறைத்தால் எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை போட்டு, சீனியரிடம் காட்டிச் சரிபார்த்து, படுக்கையருகே வைத்துவிடு. ராத்திரி இரண்டு மணிக்கு பிபி விழும்போது கணக்குப் போடும் வேலையே இருக்கக் கூடாது, பார்த்துச் செய்யும் வேலை மட்டும்தான் இருக்க வேண்டும். கஷ்டமான வேலையைச் சுலபமான வேலையாக முன்கூட்டியே மாற்றி வைப்பது என்று நான் சொல்வது இதைத்தான். பதற்றம் வராமல் தடுக்க உன்னால் முடியாது. வேலையின் கஷ்டத்தைக் குறைப்பது உன் கையில் இருக்கிறது.

இன்சுலின் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் வயலும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை 100 யூனிட் இன்சுலினை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை தரைமட்டத்துக்குப் போய்விடும். மாற்றி ஆரஞ்சு சிரிஞ்சில் 40 யூனிட் இன்சுலினை 10 வரை இழுத்தால் போவது வெறும் 4 யூனிட். "மனசுக்குள்ளேயே மாற்றிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. சரியான சிரிஞ்சு இல்லையென்றால் ஸ்டோரிலிருந்து வரும்வரை காத்திரு. வயலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டின் எண்ணையும் கண்ணால் பார்த்துப் பொருத்து. இது நினைவுக்கு வேலை தராத சோதனை, அதனால்தான் நம்பகமானது.

மருந்து ட்ரே கையில் இருக்கும்போது

ஆஸ்திரேலியாவில் ஜொஹானா வெஸ்ட்புரூக் குழுவினர் சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்ஸ்களுடன் நின்று, 4,271 முறை மருந்து கொடுப்பதைக் கவனித்து 2010இல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட முறை நடுவில் யாரோ குறுக்கிட்டிருந்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடின. குறுக்கீடே இல்லாதபோது பெரிய தவறு நேரும் வாய்ப்பு 2.3 சதவீதமாக இருந்தது, நான்கு முறை குறுக்கிட்டபோது 4.7 சதவீதமானது. ஏறத்தாழ இரு மடங்கு. இந்த எண்களை நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் "கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பதுதான் நல்ல நர்ஸுக்கு அழகு" என்று நம்மை வளர்த்துவிட்டார்கள்.

விமானிகளுக்கு இதில் நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் சார்லட் நகருக்கு அருகே ஒரு விமானம் இறங்கும்போது விழுந்தது. இறங்கும் நேரத்தில் விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது விசாரணையில் தெரிந்தது. 1981 முதல் அங்கே விதி: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்கு அவசியமில்லாத ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. மேலேறுவதும் இறங்குவதும் கடினமான பகுதி, அங்கே நினைவுக்கு முழு இடமும் வேண்டும் என்பதுதான் காரணம். நமக்கு மருந்து எடுப்பதுதான் அந்த 10,000 அடி. சில நாடுகளில் மருந்து கொடுக்கும் நர்ஸ், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதிய சிவப்பு மேலங்கி போட்டுக்கொள்கிறார். நம் வார்டில் அங்கி இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. "அம்மா, மருந்து எடுத்துட்டு இருக்கேன், ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்று முகம் கொடுத்துச் சொல். துணைக்கு வந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ரத்தப்போக்கு என்றால் மட்டும் ட்ரேயை வைத்துவிட்டு ஓடு.

அப்படி ஓடித் திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராதே. எந்த இடத்தில் விட்டோம் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிவதுபோல் தோன்றும். அந்த நிச்சயத்தை நம்பாதே. நோயாளியின் பெயர், மருந்து, அளவு, வழி, நேரம் என்று முதலிலிருந்து தொடங்கு. பாதி இழுத்து லேபிள் ஒட்டாமல் விட்ட சிரிஞ்சு இருந்தால் தூக்கிப் போட்டுவிடு. சலைனும் பொட்டாசியம் குளோரைடும் பார்வைக்கு ஒரே தண்ணீர்தான். செறிவான பொட்டாசியத்தை நேரடியாக ஐவியில் தள்ளினால் இதயம் நின்றுவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் வாய்மொழியாக மருந்து சொன்னால், அப்படியே திரும்பச் சொல். "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவி" என்று அவர் சொன்னால், நீயும் "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவி" என்று உரக்கச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகு கொடு, கொடுத்ததும் "கொடுத்தாச்சு" என்று நேரத்தோடு சொல். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி போன்ற எண்களை இலக்கம் இலக்கமாகக் கேள்: "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா டாக்டர்?" டோபமின், டோபியூட்டமின் போல ஒலி ஒத்த பெயர் வந்தால் எழுதிக் காட்டச் சொல். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஆளிடம் சரிபார்க்கச் சொல்லும்போது உன் விடையைச் சொல்லிவிட்டுக் கேட்காதே. "நாலரை மில்லிதானே வரும்?" என்று கேட்டால் அவளும் தலையாட்டிவிடுவாள், அவள் தலையும் நிறைந்துதான் இருக்கிறது. சார்ட்டை மட்டும் கொடுத்து, அவளைத் தனியாகப் போடச் சொல். பிறகு இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்.

ஹேண்ட் ஓவர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உன் மருத்துவமனையில் ஏற்கெனவே முறை ஒன்று இருக்கும். எஸ்பிஏஆர் என்பது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த ஒழுங்கு. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை. ராத்திரி டாக்டரை போனில் எழுப்பும் முன் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, கேஸ் ஷீட்டையும் கடைசி பிபி, பல்ஸ், சாச்சுரேஷன், சர்க்கரை, யூரின் அளவையும் முன்னால் வைத்துக்கொண்டு கூப்பிடு. தூக்கத்தில் எழுந்தவர் கடிந்து பேசினாலும் தாள் உனக்குப் பதிலாகப் பேசும்.

கை பழகட்டும்

இதயம் நின்ற நோயாளிக்கு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அட்ரினலின் 1 மில்லிகிராம். இப்படிச் சில விஷயங்களைப் பார்த்துச் செய்ய நேரம் இருக்காது, அவை நாவிலேயே நிற்க வேண்டும். அதற்கு எப்படிப் படிப்பது? 2016இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் பார்க்காமல் நினைவுபடுத்திச் சொல்லிப் பழகினார்கள். பிறகு பதற்றத்துக்கு ஆளாக்கியபோது, பார்த்துப் படித்தவர்களுக்கு மறந்தது. சொல்லிப் பழகியவர்களுக்கு நின்றது. ஆகவே எமர்ஜென்சி மருந்துகளின் பட்டியலை வாசித்துக்கொண்டே இருக்காதே. மூடி வைத்துவிட்டு எழுதிப் பார், தோழியைக் கேள்வி கேட்கச் சொல். கிராஷ் கார்ட்டின் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பழகு. மாக் டிரில் நடந்தால் பின்னால் ஒளிந்து நிற்காமல் முன்னால் வந்து நில். பழகிய கைக்கு ட்ரேயில் இடமே வேண்டாம், இடமெல்லாம் யோசிக்க மிஞ்சும்.

அப்படியும் கோட் புளூ முடிந்த பிறகு ஒரு பொறி இருக்கிறது. உன் உடம்பில் அட்ரினலின் சட்டென்று ஏறி இறங்கும். ஆனால் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் மெதுவாக ஏறுவது, பதற்றம் தொடங்கி 20, 30 நிமிடம் ஆனபிறகுதான் உச்சத்துக்கு வரும். "எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்று நீ மூச்சு விடும் நேரத்தில்தான் உன் செயல்நினைவு ஒடுங்கிப்போய் இருக்கலாம். அந்த அரை மணிக்குள் விட்டுப்போன மருந்து ரவுண்டை அவசரமாகப் பிடிக்காதே. தண்ணீர் குடி, உட்கார்ந்து நோட்ஸ் எழுது, நீளமாக மூச்சு விடு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். கஷ்டமான கணக்கு இருந்தால் அந்த எமர்ஜென்சியில் இல்லாத ஒருத்தியைப் போடச் சொல்.

தூக்கத்தைப் பற்றி அக்கா கண்டிப்பாகப் பேச வேண்டும். 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் நேச்சர் இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 0.03 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது. காலை 6 மணிக்கு எழுந்து, வீட்டு வேலை பார்த்து, மதியம் கண்ணயராமல் நைட் டியூட்டிக்கு வந்தால், இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. விடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது! நைட்டுக்கு முன் மதியம் இரண்டு மணி நேரமாவது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. ஹாஸ்டலில் சத்தம் என்றால் காதுக்குப் பஞ்சு. கல்யாணமான தங்கச்சிகளே, "பகல்லயெல்லாம் தூங்குறா" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்த எண்ணை எடுத்துச் சொல்லுங்கள். அதிகாலை 3 முதல் 5 வரை கனமான கணக்குகளை வைத்துக்கொள்ளாதீர்கள், வைத்துக்கொண்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேராகச் செய்யுங்கள்.

வீட்டுக் கவலையும் ட்ரேயில் இடம் பிடிக்கும். இதற்குச் சான்று நம் ஊரிலிருந்தே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் ஆராய்ந்து, 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாமல் கடனில் இருந்தபோது அந்த விவசாயிகள் யோசனைத் தேர்வுகளில் செய்ததைவிட, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, பணக்கவலைதான் இறங்கியிருந்தது. கல்விக் கடன் தவணை, தம்பி ஃபீஸ், குறைந்த சம்பளம் என்று நீயும் சுமந்துகொண்டுதான் வருகிறாய். அந்தக் கவலை தீர நான் வழி சொல்ல முடியாது. ஆனால் டியூட்டிக்கு வரும் முன் அதைத் தாளில் எழுதி, "சனிக்கிழமை காலை பேங்க்குக்குப் போய் மேனேஜரைப் பார்ப்பேன்" என்று நாளும் இடமும் போட்டு வைத்துவிட்டு வா. முடிக்காத வேலை மனசை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதும், எப்போது எப்படி முடிப்போம் என்று திட்டம் எழுதிவிட்டாலே அந்த அரிப்பு குறையும் என்பதும் 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் செய்த சோதனைகளில் தெரிந்தது. வேலை முடிய வேண்டும் என்பதுகூட இல்லை, திட்டம் இருந்தால் போதும்.

மார்னிங் டியூட்டியில் இன்-சார்ஜாக நிற்கும் அக்காமார்களிடம் ஒரு வேண்டுகோள். 1993இல் ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் மனிதரைப் பதற்றப்பட வைக்க ஒரு நிலையான சோதனையை வடிவமைத்தார்கள். அதில் ஊசி கிடையாது, வலி கிடையாது. முகத்தில் எந்தச் சிரிப்பும் காட்டாத நடுவர்கள் முன்னால் நிற்க வைத்து, 1,022லிருந்து 13 13ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள், தப்பினால் முதலிலிருந்து. அவ்வளவுதான், கார்டிசால் ஏறிவிடும். நாலு பேர் பார்க்க நம்மை எடை போடுகிறார்கள் என்ற உணர்வும், நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேரும்போது கார்டிசால் அதிகம் ஏறுகிறது என்று, 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து டிக்கர்சன், கெமனி இருவரும் 2004இல் சொன்னார்கள். மருந்து டிராலி முன்னால், நோயாளிகள் பார்க்க, புதுப் பிள்ளையை நிற்க வைத்துத் திட்டும்போது நாம் நடத்துவது அந்தச் சோதனையைத்தான். திட்டு வாங்கிய கையோடு அவள் போய் அடுத்த நோயாளிக்கு ஹெப்பரின் எடுப்பாள். தவறைச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மருந்து ரவுண்ட் முடிந்தபிறகு தனியறையில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அதுவரை அவள் பக்கத்தில் நின்று சரிபாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு துணைக்கு வந்து, வார்டு பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார், அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. சிஸ்டர் கையில் மருந்து ட்ரே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் அவர் ட்ரேயைக் கீழே வைத்த பிறகு கூப்பிடுங்கள்.